ஏழு கொப்பியும் ஒரு மாடும்

இலங்கையில் இன்றுவரை நியமனம் பெற்ற எழுதுவினைஞர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாலும், எழுதுவதை மனதார வெறுத்தவர் என்று ஒரே ஒருவரைத்தான் பிடிக்கலாம். அந்த ஒருவர் என்னுடைய அலுவலகத்தில்தான் இருந்தார்.

ஊரார் அவரைக் கொப்பியர் என்பார்கள். முழுப் பட்டம் ஏழு கொப்பியர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் ஐயாதான். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நான் மிருக வைத்தியர். உடுவிலில் இருந்து ஸ்கூட்டரில் நீர்வேலிப் பக்கத்து அரசாங்க மிருக வைத்திய நிலையத்துக்கு, சனங்களின் வாயில் மாட்டாசுப்பத்திரிக்கு, முதல் நியமனத்தில் போய் இறங்கிய அன்று கொப்பியர்தான் வரவேற்றார். வரவேற்பு என்றால் பூச்செண்டு இல்லை. மேசையில் தடித்த மட்டை போட்ட ஏழு பதிவேட்டுக் கொப்பிகளை அடுக்கி வைத்துவிட்டு, சாவு வீட்டில் நிற்பவர் போலக் கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"டொக்டர், முதல்லை ஒரு விசயம் சொல்ல வேணும். இஞ்சை ஒரு மாடு வந்தால் ஏழு மாடாய்த்தான் போகும்."

"விளங்கேல்லை, ஐயா."

"வாறதை எழுத ஒரு கொப்பி. நோய் வருத்தத்தை எழுத ஒண்டு. மருந்துக்கு ஒண்டு. ஊசிக்கு ஒண்டு. கண்டு போட்டால் ஒண்டு. செத்தால் ஒண்டு. உது எல்லாத்தையும் பாத்து மேலிடத்துக்கு எழுத இன்னொண்டு. மாடு ஒருக்காத்தான் கண்டு போடுது, டொக்டர். நான் ஏழுதரம் போட வேண்டிக் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஒரு மாட்டின் இலக்கத்தைச் சொல்லி, அதை ஏழு கொப்பியிலும் தேடிப் பார்க்கச் சொன்னார். முதல் கொப்பியில் அது சிவப்புப் பசு. மூன்றாவதில் வெள்ளை. ஐந்தாவதில் நாம்பன் காளை. ஆறாவதில் எருமை.

"உதை ஆர் ஐயா எழுதினது?"

"நான்தான். ஆறாவது கொப்பிக்கு வரேக்கை எனக்கு மாடும் தெரியாது, மனுசரும் தெரியாது."

சில நாட்களிலேயே அவர் சொன்னது எனக்கும் விளங்கியது. காலையில் மாடு பார்ப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு மாட்டைப் பற்றி எழுதியதைப் பார்ப்பேன். மாதக் கடைசி வந்தால் மூன்று நாள் கதிரையை விட்டு எழும்ப முடியாது. கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே முத்திரை, முத்திரைக்குப் பக்கத்தில் திகதி. வெளியே மரவாங்கில் உட்கார்ந்து சனம் காத்திருக்கும். எனக்குப் பல்கலைக்கழகத்தில் மாட்டின் நான்கு இரைப்பையையும் படிப்பித்தார்கள். கொப்பியின் வயிறு எவ்வளவு பெரியதென்று ஒருவரும் படிப்பிக்கவில்லை.

கொப்பியரிடம் இன்னொரு விசித்திரமும் இருந்தது. முப்பது வருடமாக மாடுகளைப் பற்றியே எழுதியவர், ஒரு மாட்டுக்குக் கிட்டவும் போகமாட்டார். எங்கள் நிலையத்து முற்றத்தில் ஒரு வேம்பு. அதன் கீழேதான் மாடுகளைக் கட்டுவார்கள். கொப்பியர் விறாந்தைப் படியோடு நின்றுவிடுவார். அங்கே நின்றபடியே "நிறம் என்ன? கொம்பு இருக்கோ?" என்று கூவிக் கேட்டு எழுதுவார். மாட்டுக்குப் பயந்த மனிதர் என்று ஊர் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தபோது ஒரு புதுப் போன் வாங்கினார். அதை அவர் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் ஐயர் தீபத்தட்டு ஏந்தி வருவது போல இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் புட்டு, மறு கையில் போனாக, கணினி அட்டவணை போடுவது எப்படி என்று காணொளி பார்ப்பார். பார்த்ததை நோட்டில் எழுதிவைப்பார். எழுதுவதை ஒழிக்க அவர் எழுதிய நோட்டு மட்டும் மூன்று.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள் காலை என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். திரையில் ஒரு படிவம். மாட்டின் காதுத் தகட்டு இலக்கம், வருத்தம், கொடுத்த மருந்து என்று சில கட்டங்கள். கீழே ஒரு பச்சைப் பொத்தான்.

"இதிலை ஒருக்காப் போட்டால் காணும், டொக்டர். கொப்பி ஏழும் உள்ளுக்கை கிடக்கு. தங்களுக்குத் தேவையானதை அதுகள் தங்கடை பாட்டிலை பிரிச்சு எடுக்குங்கள். மாதக் கடைசியிலை அறிக்கை தானாய் வரும். நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் சரி."

"ஆர் ஐயா செய்து தந்தது?"

"ஆர் செய்வினம்? நான்தான்."

அவர் அந்தப் பச்சைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார். பெருமை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை எங்கள் ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கட்டங்களில் விரலால் தட்டுவதும் எழுத்துத்தானே என்று, சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் வசதியைப் போனில் கண்டுபிடித்தார். அந்த வசதிக்கோ எங்கள் தமிழ் தெரியாது. "மாடு தின்னேல்லை, அசை போடேல்லை" என்று இவர் சொல்ல, "மாடு தின்ன எல்லை, ஆசை போட எல்லை" என்று அது எழுதியது. ஒரு கிழமையாக எங்கள் பிரிவு மாடுகள் எல்லாம் எல்லைப் பிரச்சினையில் இருந்தன. பிறகு ஒருநாள் "பசு கண்டு போட்டிருக்கு" என்று சொன்னார். "பசு குண்டு போட்டிருக்கு" என்று எழுதி வந்தது. நல்ல காலம், அனுப்புவதற்கு முன் நான் பார்த்துவிட்டேன். அந்த அறிக்கை போயிருந்தால் மாட்டை விசாரிக்க வேறு ஆட்கள் வந்திருப்பார்கள்.

கொப்பியர் தளரவில்லை. போனுக்கு விளங்கும் தமிழைத் தான் பழகுவதென்று முடிவெடுத்தார். மறுநாள் விறாந்தையில் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, வானொலிச் செய்தி போலத் தொடங்கினார்.

"பசு நேற்று மாலையிலிருந்து உணவு உட்கொள்ளவில்லை. சாணம் இளகிய நிலையில் வெளியேறுகிறது. நிலைமை தொடர்ந்து அவதானிக்கப்படுகிறது."

பசுவைக் கொண்டுவந்த கிழவர் பயந்துபோய் என்னிடம் ஓடி வந்தார்.

"பிள்ளை, என்ன இது? என்ரை மாட்டைப் பற்றி ரேடியோவிலை சொல்லுறாரே!"

அடுத்தது படம். மாட்டுக்காரரின் பெயரை நம்பினால் குழப்பம், ஒரே ஒழுங்கைக்குள் நாலு செல்வராசா இருக்கிறார்கள், மாட்டின் முகத்தைப் படம் எடுத்து வைத்தால் பிழை வராது என்றார். யோசனை நல்லது. ஆனால் இவர்தான் கிட்டப் போகமாட்டாரே. சந்தையில் போய், போனைச் செருகிப் படம் எடுக்கும் நீளத் தடி ஒன்று வாங்கி வந்தார். விறாந்தைப் படியில் நின்றபடி, மீனுக்குத் தூண்டில் போடுபவர் போல அந்தத் தடியை மாட்டின் முகத்துக்கு நேரே நீட்டுவார். "இஞ்சை பார், இஞ்சை பார்" என்பார். மாடுகள் பார்த்தன. படங்கள் உண்மையிலேயே நன்றாக வந்தன.

ஆறு மாதத்துக்குள் எங்கள் நிலையம் வேறாகிவிட்டது. மாதக் கடைசி மூன்று நாள் அரை நாளானது. பின்னேரங்களில் நான் வெளியே போக முடிந்தது. வாழைத் தோட்டங்களுக்குள்ளே, மாட்டை நடத்திக் கொண்டுவர ஏலாத வீடுகளுக்கு, நானே போய்ப் பார்த்தேன். சனங்கள் மாட்டின் வருத்தத்தைப் போனில் பேசி அனுப்பத் தொடங்கினார்கள். எந்த மாட்டுக்கு எப்போது தடுப்பூசி என்று கொப்பியர் வீட்டுக்கு வீடு செய்தி அனுப்பினார். அதுவும் செய்தி வாசிக்கும் தமிழில்தான்.

அப்போதுதான் ஆடு வந்தது.

அதாவது, வந்தது மாடு. ஒரு சின்னப் பிரிவுக்கான கால்நடைக் கணக்கெடுப்புப் படிவம் போனில் திறந்திருந்த நேரம், அதை மறந்து கொப்பியர் தடியில் போனைச் செருகி ஒரு கிடாரியை நோக்கி நீட்டினார். அந்தக் கிடாரி நாக்கை நீட்டித் திரையை மேலிருந்து கீழாக ஒரு நக்கு நக்கியது. நக்கியதோடு பச்சைப் பொத்தானும் அமுங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து மேலிடத்திலிருந்து அழைப்பு.

"டொக்டர், உங்கடை பிரிவிலை ஒரு கிழமைக்குள்ளை எப்பிடி நாலாயிரத்து நானூற்று நாப்பத்து நாலு ஆடு வந்தது?"

கொப்பியர் என் கையிலிருந்த போனை வாங்கினார்.

"ஐயா, அது ஆடில்லை. மாடு நக்கினது."

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

சிரிப்பு அத்தோடு முடிந்தது. அனுமதியில்லாமல் அரசாங்கப் பதிவுகளைச் சொந்தப் போனுக்கு மாற்றியது யார் என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அமைதியாகப் பேசினார். ஆனால் கொண்டுவந்த கட்டளை கனமானது. போன் வேலை நிற்க வேண்டும். கடந்த ஆறு மாதப் பதிவுகளை ஏழு பதிவேட்டிலும் கையால் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் நான் கையொப்பமிட வேண்டும். கொப்பியர் முதல் கட்டுக் கொப்பிகளை எழுதி முடித்ததும், தன் முன்னிலையிலேயே நான் கையொப்பமிட வேண்டும் என்று அதிகாரி மறுபடி வந்தார்.

காலை பத்து மணியிருக்கும். நான் பேனையை எடுத்து ஐந்து கொப்பி முடித்திருப்பேன். கொப்பியரின் சட்டைப் பையில், பேசி அனுப்பும் செய்தியைத் தானாகவே சத்தமாய்ச் சொல்லும்படி வைத்திருந்த போன் பேசியது. நீர்வேலி வாழைத் தோட்டக்காரி பவளமக்காவின் குரல்.

"ஐயா, எங்கடை சிவப்பி விடியக்காத்தாலை இருந்து முக்குது. கால் ஒண்டு வெளியிலை தெரியுது. தலையைக் காணேல்லை. டொக்டரை ஒருக்கா வரச் சொல்லுங்கோ. கெதியா."

நான் அதிகாரியைப் பார்த்தேன்.

"இந்தக் கட்டு முடியட்டும், டொக்டர். இன்னும் ரெண்டு கொப்பிதானே" என்றார் அவர். அவருக்குக் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய கவலை.

கொப்பியரின் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. மூன்று எட்டில் என் மேசைக்கு வந்தார். என் கைக்குக் கீழே இருந்த கொப்பியை இழுத்து மூடினார். தடைசெய்யப்பட்ட போனை அதிகாரிக்கு முன்னாலேயே எடுத்து, சிவப்பியின் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டினார்.

"முதல் ஈத்து. போட்டது பெரிய சாதிச் சினை ஊசி. கண்டு பெரிசாய் இருக்கும். கயிறும் கொழுக்கியும் கொண்டு போங்கோ. இஞ்சத்தையை நான் பாக்கிறன். போங்கோ, டொக்டர்."

நான் போனேன்.

சிவப்பி கொட்டிலில் பக்கமாய்ச் சரிந்து கிடந்தது. பவளமக்கா தலைமாட்டில் இருந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். கன்றின் தலை பின்னுக்கு மடிந்திருந்தது. கையை விட்டு, கன்றைத் திரும்பத் தள்ளி, தலையைத் திருப்பி, கயிறு போட்டு, நானும் பவளமக்காவும் அவர் புருஷனுமாக இழுத்தோம். கன்று உயிரோடு வரவில்லை. நல்ல வளர்ந்த நாம்பன் கன்று. நான் அதைச் சாக்கால் மூடினேன். தாய்க்கு ஊசி போட்டு, தண்ணீர் ஏற்றி, கைகழுவி நிமிர்ந்தபோது சிவப்பி முன்னங்காலை ஊன்றி எழும்பப் பார்த்தது. இரண்டாம் தரம் எழும்பி நின்றுவிட்டது.

"இது நிண்டால் காணும், பிள்ளை" என்று பவளமக்கா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் ரெண்டும் போயிருக்கும் என்ன?"

ஓம் என்றேன்.

திரும்பி வந்தபோது அலுவலகத்தில் நான் எதிர்பாராத காட்சி. என் கதிரையில் அந்த அதிகாரி இருந்து எழுதிக்கொண்டிருந்தார். முன்னால் ஏழு கொப்பியும் விரித்தபடி. கொப்பியர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"மாடு?" என்றார் கொப்பியர் என்னைக் கண்டதும்.

"இருக்கு, ஐயா. கண்டு தப்பேல்லை."

கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அதிகாரிதான் நடந்ததைச் சொன்னார். நான் போன கையோடு, என்னைப் போகவிட்டதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார். கொப்பியர் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை. ஒரு கதை சொல்லியிருக்கிறார்.

பதினொரு வருடத்துக்கு முன், ஒரு மாதக் கடைசி. எனக்கு முன்னிருந்த வைத்தியர் உள்ளே அறிக்கைகளுக்குக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தார். உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு பெண் தன் பசுவை ஏற்றிக்கொண்டு வந்தார். கன்று பாதி வெளியே. பசுவை வேம்பின் கீழ் இறக்கிப் படுக்கவைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார். வாசலில் நின்றவர் கொப்பியர்.

"'கொஞ்சம் இருங்கோ அம்மா, இன்னும் ரெண்டு கொப்பிதான்' எண்டு நான் சொன்னன், ஐயா. டொக்டர் சொல்லேல்லை. அவருக்கு மாடு வந்ததே தெரியாது. நான்தான் சொன்னன். ரெண்டு கொப்பியும் முடிஞ்சு வெளியிலை வந்து பாத்தால் மாடு செத்துப்போச்சு. அந்த மனுசி ஏசேல்லை. மாட்டின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த மாட்டையும் ஏழு கொப்பியிலையும் நான்தான் எழுதினன்."

சொல்லிவிட்டு அதிகாரியின் கையில் பேனையைக் கொடுத்திருக்கிறார். "சிவப்பியை நீங்கள் ஒருக்கா எழுதிப் பாருங்கோ, ஐயா. ஒரே ஒரு மாடுதான்."

அதிகாரி எழுதத் தொடங்கினார். நான் வந்தபோது நாலாவது கொப்பியில் இருந்தார். அதில் அவர் சிவப்பியை வெள்ளைப் பசு என்று எழுதியிருந்ததை நான் சுட்டிக்காட்டவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு அவர் வெகுநேரம் விரல்களை நீவிக்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்து பார்த்தேன். கொப்பியர் விறாந்தைப் படியில் இருந்தார். பார்வை வேம்படியில். அவர் பயந்தது மாட்டுக்கு அல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மரத்தடியில் கால் வைக்க முடியாமல் பதினொரு வருடம் ஒருவர் வேலைக்கு வந்து போயிருக்கிறார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏன் ஐயா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன செய்வியள்? பாவம் எண்டுவியள். எனக்கு அது வேண்டாம், டொக்டர். எனக்கு வேண்டினது அந்தப் பச்சைப் பொத்தான்."

அந்த அதிகாரியின் அறிக்கையில் என்ன இருந்ததோ தெரியாது. இரண்டு மாதத்தில் பதில் வந்தது. போனில் பதிவு செய்து, மாதக் கடைசியில் அச்செடுத்து, ஒரே கையொப்பத்தோடு அனுப்பும் முறையைப் பரீட்சார்த்தமாகத் தொடரலாம். அலுவலகத்துக்கு ஒரு கணினியும் தருவார்கள். நாங்கள் அந்தக் கடிதத்தைச் சத்தமாக இரண்டு தரம் வாசித்தோம்.

அதே உறையில் இன்னொரு கடிதமும் இருந்தது. நாலாயிரம் ஆட்டுக்கு யாராவது பதில் சொல்லத்தானே வேண்டும். எல்லாம் தன் சொந்த முடிவு, வைத்தியருக்கு எதுவும் தெரியாது என்று கொப்பியர் முன்னமே எழுதிக் கொடுத்திருந்தாராம். எனக்கு அதுவரை அது தெரியாது. அவருக்குப் பருத்தித்துறைக்கு இடமாற்றம்.

நான் மேலிடத்துக்கு எழுதப் போகிறேன் என்று கோபத்தில் கடதாசியை எடுத்தேன். கொப்பியர் அதை வாங்கி மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

"எழுதாதேங்கோ. ஒரு கடிதம் போனால் அதுக்கு ஒரு கோப்புத் திறப்பினம். அந்த நேரத்துக்கு ஒரு மாட்டைப் பாருங்கோ."

கடைசி நாள் அவருக்குத் தேநீரும் வடையும் வைத்தோம். பவளமக்கா ஒரு குலை கதலி வாழைப்பழம் கொண்டுவந்தார். பேசச் சொன்னோம். எழும்பி நின்று தொண்டையைச் செருமினார். செய்தித் தமிழில் ஏதோ வரப்போகிறது என்று எல்லோரும் சிரிக்கத் தயாராக இருந்தோம். "நான் போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

அவர் பருத்தித்துறை போய் ஒரு கிழமை கழித்து, பின்னேரம் நாலரைக்கு எனக்கு அழைப்பு வந்தது.

"டொக்டர், இண்டைக்கு எத்தினை மாடு பாத்தனியள்?"

"பதினொண்டு, ஐயா."

"நல்லது."

வைத்துவிட்டார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாளும் நாலரைக்கு எடுத்தார். அதற்கு மறுநாளும். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மேலிடத்தில்கூட என்னை இப்படி நாள்தோறும் கேட்பதில்லை. பிறகு பழகிவிட்டது. போன வருடம் அவர் ஓய்வுபெற்றுவிட்டார். நெஞ்சு வருத்தம் வந்து ஒரு கிழமை ஆசுப்பத்திரியில் கிடந்தார். அங்கிருந்தும் நாலரைக்கு எடுத்தார். பின்னால் தாதியொருவர் போனை வைக்கச் சொல்லி ஏசுவது கேட்டது.

இன்றுவரை அந்த அழைப்பு நிற்கவில்லை. நான் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லுவேன். மழை நாட்களில், கூட்டங்களுக்குப் போன நாட்களில், மூன்று நாலு மாடுதான் பார்த்திருப்பேன். அரசாங்கப் பதிவில் அந்த நாள் அப்படியேதான் இருக்கும். கொப்பியர் கேட்டால் மட்டும் இரண்டு மாட்டைக் கூட்டிச் சொல்லிவிடுகிறேன்.